ஒரு சுருதி கீழே

கரோலினா பேஸ் கிற்றாரின் தலைப்பக்கம் இடது கையைக் கொண்டுபோய், தடித்த கம்பியை முறுக்கும் ஆணிக்குப் பின்னால் இருந்த சின்ன லீவரைப் பெருவிரலால் தள்ளினாள். டக் என்றது. கம்பி தளர்ந்து, மேற்கத்திய சுரமான ஈ-யிலிருந்து ஒரு முழுச் சுருதி இறங்கி, டி-யில் போய் நின்றது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியின் நிலக்கீழ்ப் பொதுஅறையில், ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்குவதற்கு இடையில் இருந்த அமைதியில், அங்கிருந்த நாலு பேருக்கும் அது கேட்டது. மைக்குக்கு முன்னால் நின்ற அருட்செல்வம் திரும்பினான்.

"என்ன அது?"

"லீவர்."

"தெரியுது. எதுக்கு எண்டு கேக்கிறன்."

"பாட்டு ஈ-யிலை இருந்து டி-க்கு இறங்கிட்டுது. என்ரை கம்பியிலை அவ்வளவு கீழை சத்தம் இல்லை. பாட்டுக்குப் பாட்டு ஆணியைத் திருகிக்கொண்டு நிக்க ஏலாது. இதெண்டால் ஒரு தட்டு. திரும்ப ஒரு தட்டு, பழையபடி ஈ."

"பாட்டு இறங்கேல்லை."

"சரி, பாட்டு இறங்கேல்லை," என்றாள் கரோலினா. "நீர்தான் இறங்கினீர்."

கீபோர்டுக்குப் பின்னால் இருந்த வின்சென்ற் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ட்ரம்ஸ் வாசிக்கும் பிரசாந் குனிந்து, இறுக்கத் தேவையில்லாத ஒரு திருகை இறுக்கினான். அருட்செல்வம் மைக்கை விட்டு ஒரு அடி முன்னுக்கு வந்தான். பிறகு, "கழட்டுங்கோ அதை," என்றான்.

"கழட்டேலாது."

திருமணமாகி இருந்த ஒன்பது வருடமும் அவள் அவனை நீங்கள் என்றாள், அவன் அவளை நீர் என்றான். பிரிந்தபின் நடந்த முதல் ஒத்திகையில் அவன் அவளைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றான். வங்கியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கதைப்பது போலிருந்தது. அன்றைக்கே அவள் நீருக்கு மாறினாள். இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அந்த மரியாதை ஏறியதும் இறங்கியதும் எதனால் என்று வின்சென்றுக்கும் பிரசாந்துக்கும் நன்றாகத் தெரியும். இருவரும் தெரியாத மாதிரி இருந்து பழகிவிட்டார்கள்.

இரண்டு பேரில் ஒருவர் இசைக்குழுவை விட்டுப் போயிருக்கலாம். போனவர்தான் பிழைகாரர் என்று ஒஸ்லோவில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாரும் அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னமே முடிவெடுத்துவிடுவார்கள். அதனால் இருவரும் போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு, பஸ் ஓட்டும் வின்சென்ற் வேலையில்லாத நாளாகப் பார்த்து எடுத்துவைத்திருந்த இந்த அறைக்கு, இருவரும் ஐந்து நிமிடம் முந்தியே வந்தார்கள்.

லீவரை அவள் தபாலில் வரவழைத்திருந்தாள். கரோலினாவின் வேலை லிப்ட் பூட்டுவதும் திருத்துவதும். ஒஸ்லோவில் அவள் பூட்டிய லிப்டுகள் நாற்பதுக்கு மேல் ஓடுகின்றன. இந்தச் சின்ன இரும்புத் துண்டைப் பூட்ட அவளுக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. பழைய ஆணியைக் கழற்றி, துளையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கி, புதியதைப் பூட்டி, லீவர் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைப் பின்பக்கத் திருகால் சரிசெய்தாள். மேலே தள்ளினால் ஈ, கீழே தள்ளினால் டி. முப்பது தரம் தள்ளிப் பார்த்தாள். முப்பது தரமும் சுருதி பார்க்கும் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

ஐந்து கம்பி உள்ள பேஸ் ஒன்றை வாசித்தால் இந்த வேலை எதுவும் தேவையில்லை. வின்சென்ற் அதைச் சொன்னார். தன்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்து வாசி பிள்ளை என்றார். கை பழகவில்லை என்று சொல்லி அவள் மறுத்தாள். அது பொய். பதினைந்து வயதில் புரூசெத் இளைஞர் மன்றத்தில் நோர்வேப் பெட்டைகளோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது முதல் அவள் ஐந்து கம்பியும் வாசித்திருக்கிறாள். அதில் டக் என்ற சத்தம் வராது, அதுதான் காரணம். அருட்செல்வத்தின் தொண்டை கீழே போனதை வின்சென்ற் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தி மூடிவிடுவார். விரல் பழைய இடத்திலேயே போகும், சத்தம் மட்டும் ஒரு சுருதி கீழே வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. போன வருடம் ஒக்டோபரில் அவன் காய்ச்சல் என்று மூன்று கிழமை வராமலிருந்து, திரும்பி வந்த நாளில் தொடங்கியது இது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கரோலினாவுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் அவன் காதில் டக் என்று ஒரு சத்தம் விழவேண்டும் என்று விரும்பினாள். அப்படி விரும்புவதை அவள் தன்னிடமிருந்து மறைக்கவில்லை.

அந்தக் குரலைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. பன்னிரண்டு வயதில் பேசாலையிலிருந்து தகப்பனோடு வந்தவன், கோயிலில் பாடியே வளர்ந்தவன். வின்சென்ற் எழுதி மெட்டுப் போட்ட மாதா பாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் ஒரு இடம் மேலே ஏறி, ஏறியபடி நின்று, பிறகுதான் இறங்கும். அருட்செல்வம் அதைப் பாடும்போது கண்ணைத் துடைக்காத பெண்கள் குறைவு. பிரிவு உறுதியானபின், பூசைக்குத் தவறாமல் வரும் லூர்து அன்ரி கோயில் வாசலில் கரோலினாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா: "பிள்ளை, அந்தக் குரலை விட்டுட்டுப் போக எப்பிடி மனம் வந்தது உமக்கு?"

என்ன பதில் சொல்வது? அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு பெண்ணிடம் போகவில்லை. கோபம் வந்தால் கதைக்கமாட்டான், அவ்வளவுதான். முதல்முறை ஆறு நாள். யாரோ வீட்டு விருந்தில், இவர் ஒருக்கா மேடையில் வரி மறந்துபோனார் என்று அவள் சிரித்துச் சொன்னதற்காக. பிறகு ஒன்பது, பதினான்கு. கடைசியாக இருபத்தாறு நாள். அந்த இருபத்தாறு நாளும் அவன் அவளுக்குச் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினான், அவளுடைய வேலை உடுப்பையும் சேர்த்து மெசினில் போட்டான், காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பாடினான். அவள் வெளியே நின்று கேட்டாள். கதவைத் திறந்து வந்து அவளைக் கடந்து போனான். இதைக் கோயில் வாசலில் நின்று ஒருவருக்கு எப்படிச் சொல்வது?

கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு முன் ஐந்து சனிக்கிழமை இருந்தது. ஐந்து சனிக்கிழமையும் சண்டை அந்த லீவரில் நடந்தது. அவள் லீவரைத் தள்ளி முடிப்பதற்குள் அவன் பாடத் தொடங்கினான். அடுத்த முறை அவள் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினாள். பாட்டு வரிசையை அவன் மாற்றினான். பொதுவாகப் பாடும் கூட்டுப்பாட்டு ஒன்று ஈ-யில், தான் பாடுவது ஒன்று டி-யில், மறுபடி ஈ, மறுபடி டி. அவள் ஒவ்வொரு தரமும் அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு தட்டினாள். நாலாவது கிழமை அவள் கோப்பி எடுக்க மேலே போய் வந்தபோது, லீவரைத் தள்ளினால் கம்பி டி-யைத் தாண்டி இன்னும் கீழே போய் நின்றது. பின்பக்கத் திருகை யாரோ அசைத்திருந்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து திருப்புளியை எடுத்து, அவனுக்கு நேர் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, பத்து நிமிடம் எடுத்துச் சரிசெய்தாள். அரை நிமிட வேலை அது.

"நீங்கள் ரெண்டு பேரும் என்னைச் சாகடிக்கிறியள்," என்றார் வின்சென்ற். 

ஒளிவிழா டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, ஸ்ட்ரோம்மனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில், பகல் இரண்டு மணிக்கு. சின்னப்பிள்ளைகளின் மாட்டுக்கொட்டில் நாடகம் முடிந்து, நட்சத்திரங்களும் இடையர்களும் அம்மாமாரிடம் ஓடிக்கொண்டிருந்தபோது இவர்களுடைய முறை வந்தது. இருநூற்றைம்பது பேர் இருப்பார்கள். முதல் வரிசையில் லூர்து அன்ரி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தா. மூன்று பாட்டு நன்றாகப் போயிற்று. நாலாவது மாதா பாட்டு. அது தொடங்குவது பேஸில். நாலு சுற்று பேஸ் மட்டும் தனியாகப் போகும், பிறகுதான் குரலும் கீபோர்டும் சேரும்.

கரோலினா லீவரைக் கீழே தள்ளினாள். அருட்செல்வம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கீபோர்டுப் பக்கம் குனிந்தான்.

"ஈ-யிலை போங்கோ அண்ணை."

வின்சென்ற் நிமிர்ந்தார். "என்ன?"

"பழைய சுருதியிலை. ஈ-யிலை."

"அருள், வேண்டாமடா. விளையாடாதை."

"ஈ-யிலை எண்டு சொன்னன்." அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னது போலிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. மைக்குக்குத் திரும்பிப் போய், சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். வின்சென்றின் விரல் பட்டனுக்குப் போனது. அதில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

அவள் லீவரை மேலே தள்ளினாள். கம்பி இறுகியது. எல்லாம் தெளிவாக இருந்தது. இரண்டாவது சரணத்தில், மேலே ஏறும் இடத்தில், மூன்றாவது சொல்லில் அவன் குரல் உடையும். சொல்கூட அவளுக்குத் தெரியும். கேட்டவன் அவன், கொடுப்பவள் அவள். யாரும் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. ஐந்து சனிக்கிழமையாக, இல்லை, இரண்டு வருடமாக இதற்குத்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். லூர்து அன்ரியின் போனைப் பார்த்தாள். அன்ரியின் முகம் இப்போதே அழுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அவன் உடைந்தால் இந்த மண்டபம் முழுவதும் எழுந்து போய் அவனைத் தூக்கிப் பிடிக்கும். ஐயோ பாவம், அவள் விட்டுட்டுப் போனபிறகு பொடியன்ரை குரலே போட்டுது என்று சொல்லும்.

லீவரைக் கீழே தள்ளினாள். டக். டி-யில் தொடங்கினாள்.

முதல் சுற்றிலேயே அருட்செல்வத்தின் தோள் இறுகியதைக் கண்டாள். அவன் திரும்பவில்லை. வின்சென்ற் அவளைப் பார்த்தார், மூன்றாவது சுற்றில் பட்டனை மறுபடி அழுத்தினார். நாலாவது சுற்று முடிந்தபோது அவனுக்கு வேறு வழியிருக்கவில்லை. பேஸ் கொடுத்த சுருதியிலேயே வாயைத் திறந்தான். அவன் நன்றாகப் பாடினான். அந்த வருடத்தில் அவன் பாடியதில் மிக நன்றாகப் பாடியது அதுதான். மேலே ஏறும் இடத்தைத் தொட்டு, நின்று, இறங்கினான். சனம் எழுந்து கைதட்டியது. அவன் மைக்கில் நன்றி சொன்னான். கீபோர்ட் வின்சென்ற் அண்ணை, ட்ரம்ஸ் பிரசாந், ஒலிபெருக்கிக்காரர், பங்குத்தந்தை, பாடசாலைக் காவலாளி. அவள் பெயர் வரவில்லை.

மேடைக்குப் பின்னால், உடுப்பு மாற்ற விட்டிருந்த வகுப்பறைக்குள், அருட்செல்வம் அவள் பின்னால் வந்து கதவைச் சாத்தினான்.

"ஆர் உன்னட்டைக் கேட்டது?"

இரண்டு வருடத்தில் முதல்முறையாக நீங்கள் இல்லை. அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட அவன் அவளை நீ என்று சொன்னதில்லை.

"நல்லாத்தானே பாடினீர்."

"ஆர் கேட்டது எண்டு கேக்கிறன்."

"ஈ-யிலை பாடியிருந்தால் உடைஞ்சிருக்கும்."

"ஓம். உடைஞ்சிருக்கும். அதுக்குத்தானே கேட்டனான்!"

அவள் சின்னப்பிள்ளைகளின் மேசை ஒன்றில் கிற்றாரைச் சாய்த்தாள்.  அவன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டான்.

"போன வருசம் ஒக்டோபரிலை கழுத்திலை ஒப்பரேசன். தைரொயிட்டிலை கட்டி. கெட்ட கட்டி இல்லையாம். ஆனா நரம்பிலை ஒட்டிக்கொண்டு இருந்தது. இப்பிடி நடக்கலாம் எண்டு முதலே சொன்னவை, நான்தான் கையெழுத்து வைச்சனான். மேலை போற சத்தம் இனித் திரும்பாது."

"வின்சென்ற் அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிரசாந்துக்கு?"

"ஓம்."

"எனக்கு மட்டும்தான் தெரியாது."

"உனக்கு ஏன் தெரியவேணும்?" அவன் குரல் கரகரத்தது. "ஒருக்கா எல்லாருக்கும் முன்னாலை உடைஞ்சால் ஃபெர்டி. முடிஞ்சுது. பிறகு ஒருத்தரும் பாடு பாடு எண்டு வரமாட்டினம். ஏன் ஏலாது எண்டு நான் ஒவ்வொருத்தரையும் பிடிச்சு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இண்டைக்கு எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். நீ அதையும் விடேல்லை."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஒப்பரேசன் செய்தது, இனி ஏலாது. ரெண்டு வசனம்."

"எனக்கு அது வராது எண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் கரோலினா. "அதாலைதான் போனனான்."

கதவு திறந்தது. வின்சென்ற் தலையை உள்ளே நீட்டினார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "ஃபாதர் கேக்கிறார்," என்றார். "முடிவிலை மாதா பாட்டு இன்னொருக்காப் பாடட்டாம். சனம் விடுகுதில்லை." பிறகு, ஒருவரையும் பார்க்காமல், "எதிலை?" என்று கேட்டார்.

அருட்செல்வம் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படங்களைப் பார்த்தான். அந்த முகம் அவளுக்குப் பழக்கமானது. அந்த முகத்துக்கு முன்னால் அவள் பால் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள், அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கிறாள், ஒரு நாள் நிலத்தில் இருந்து அழுதிருக்கிறாள்.

"அவர் சொல்லட்டும்," என்றாள். "சொல்லாட்டி நான் டி-யிலைதான் தொடங்குவன்."

"பிள்ளை—"

"அவர் சொல்லட்டும் அண்ணை."

வெளியே யாரோ மைக்கில், சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் முடிந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தார்கள். சிரிப்புக் கேட்டது. அருட்செல்வம் மிக மெதுவாக, "ஈ-யிலை வாசி," என்றான்.

"கேக்கேல்லை."

வின்சென்ற் கண்ணை மூடினார். அருட்செல்வம் எழுத்துப் படங்களை விட்டு அவளைப் பார்த்தான். அவள் கிற்றாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு காத்துநின்றாள். அவனைக் காக்கவைக்கும் அந்த நேரத்தை அவள் வேண்டுமளவு அனுபவித்தாள்.

"ஈ-யிலை வாசியும்," என்றான்.

அவள் ஈ-யில் வாசித்தாள். நாலு சுற்றும் சுத்தமாகப் போயிற்று. பல்லவியில் சனம் அவனோடு சேர்ந்து முணுமுணுத்தது. முதலாவது சரணத்தில் கொஞ்சம் அமைதியானது. இரண்டாவது சரணத்தில் அவன் அந்த இடத்தைச் சுற்றிப் போகவில்லை, தொண்டையைச் சுருக்கவில்லை. வாயை முழுதாகத் திறந்து, முன்பு போலவே தலையைக் கொஞ்சம் சரித்து, ஏறினான். மூன்றாவது சொல்லில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கீறிக்கொண்டு போனது, மற்றப் பாதி காற்றாய் வந்தது. பிறகு காற்றும் வரவில்லை. முன்வரிசையில் இடையர் உடுப்போடு இருந்த ஒரு பிள்ளை சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். லூர்து அன்ரியின் போன் மடியில் இறங்கியது.

வின்சென்றின் கைகள் கட்டைகளை விட்டு எழும்பிவிட்டன. பிரசாந் அவளைப் பார்த்தான். அவள் நிற்பாட்டவில்லை. அவனும் நிற்பாட்டவில்லை. பாடுபவன் இல்லாமல் பேஸும் ட்ரம்ஸும் மட்டும் மிச்சச் சரணத்தைக் கடந்து, பல்லவிக்கு வந்தன. அருட்செல்வம் மைக்கை அதன் காலில் மெதுவாகச் செருகிவிட்டு, மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருந்தான். கரோலினா மகிழ்ச்சிக்காகக் காத்திருந்தாள். அது வந்தது. அவள் நினைத்திருந்த அளவுக்கே வந்தது. பல்லவியின் பாதிவரை இருந்தது. பிறகு கையில் வாசிப்பு மட்டும் மிஞ்சியது. அதைப் பிழையில்லாமல் முடித்தாள்.

சாமானைக் கட்டிமுடிக்க அரை மணித்தியாலம் சென்றது. பிரசாந் ட்ரம்ஸைக் கழற்றினான். வின்சென்ற் வானை வாசலுக்குக் கொண்டுவரப் போனார். அவள் கிற்றார்ப் பெட்டியை முதுகில் மாட்டி, ஒலிப்பெட்டியைச் சக்கரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, வெளியே போகும் ஒரே வழியான ஒடுங்கிய நடைபாதைக்குள் வந்தாள்.

நடைபாதையின் நடுவில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், அருட்செல்வம் நின்றான். சட்டையின் மேல்பொத்தான்கள் இரண்டும் திறந்திருந்தன. அவனைச் சுற்றிக் கடதாசித் தட்டுகளோடு ஏழெட்டுப் பெண்கள். அவன் கதைத்துக்கொண்டிருந்தான். நிற்பாட்டாமல், கையை ஆட்டி, கட்டி எவ்வளவு பெரிது என்று விரலால் காட்டி, மயக்க ஊசி போட்ட நேர்ஸ் தமிழ்ப் பெட்டை என்று சொல்லி, ஒன்பது வருடத்தில் அவள் கேட்டிராத அளவு கதைத்துக்கொண்டிருந்தான். கழுத்தின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. லூர்து அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்து பார்த்தா. பார்த்து முடித்ததும் பின்னால் நின்ற பெண்ணுக்கு இடம் விட்டா.

கரோலினா சக்கரவண்டியை அவனுடைய சப்பாத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள். அவன் அவளைக் கண்டான். வண்டியையும் கண்டான். விலகவில்லை. அவளும் விலகச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த பெண் முன்னுக்கு வந்தபோது, ரியூப்லைற் வெளிச்சம் நன்றாக விழும்படி, அவன் நாடியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.